வைகை அணைக் கேள்வி வந்ததும் நின்றுபோன கம்ப்யூட்டர்

அது 1987-ஆம் வருடம். உத்தமபாளையத்துக்கும் அனுமந்தன்பட்டிக்கும் நடுவே, திராட்சைத் தோட்டங்களை ஒட்டியிருந்த ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். அப்போது எங்கள் ஊரெல்லாம் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. ஏதோ ஒரு திட்டத்தின் கீழ் எங்கள் பள்ளிக்கு இரண்டு கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. யார் சொல்லிக்கொடுப்பது என்ற பேச்சு வந்ததும் எங்கள் தலைமையாசிரியை என் பக்கம் கையைக் காட்டிவிட்டார். கணக்குப் போடுகிற மெஷின், அதனால் கணக்கு டீச்சர், அவ்வளவுதான் அவருடைய யோசனை. மதுரையில் ஒரு கல்லூரியில் கொஞ்ச நாள் பயிற்சி கொடுத்தார்கள். போய்வந்தேன். பாதி புரிந்தது. மீதியைப் புரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

இன்றைய பிள்ளைகளிடம் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொன்னால் சிரிப்பார்கள். கீபோர்டுக்குள்ளேயே கம்ப்யூட்டர். திரைக்கு ஒரு டி.வி. புரோகிராமைச் சேமித்து வைக்க ஒரு டேப் ரெக்கார்டர். கேசட்டைப் போட்டால் கீச்கீச்சென்று கத்திக்கொண்டே புரோகிராம் உள்ளே ஏறும். கரண்ட் போனால் ஏறியதெல்லாம் காலி. மறுபடியும் முதலிலிருந்து கேசட்டைச் சுற்ற வேண்டும்.

அந்த அறைக்கு நாங்கள் கொடுத்த மரியாதை இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. செருப்பை வாசலில் விட வேண்டும். தூசி வரும் என்று ஜன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் துணியை அடைத்தோம். ஃபேன் போட்டால் தூசி கிளம்பும் என்று ஃபேனும் கிடையாது. திரை பளிச்சென்று தெரிய வேண்டும் என்று லைட்டையும் அணைத்துவிடுவோம். வந்த அன்றைக்கே தலைமையாசிரியை இரண்டு பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். உள்ளே போய்ப் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் புடவை நனைந்துவிடும். ஆனாலும் பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு வருவார்கள்.

அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு கேள்வி-பதில் விளையாட்டு எழுதினேன். நம் பள்ளத்தாக்கைப் பற்றிய கேள்விகள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கேள்வி கொண்டுவர வேண்டும். தமிழ் எழுத்து வராது என்பதால் ஆங்கில எழுத்தில் தமிழ். நான்கு பதில்களில் சரியானதன் எண்ணை அழுத்தினால் 'சபாஷ்' என்று வந்து ஒரு பீப் சத்தம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டிய தோட்டக்காரரின் மகள், வைகை அணை எந்த ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று கேள்வி கொடுத்தாள். அணையைச் சுற்றிப் பார்க்கப் போனதைப் பற்றியெல்லாம் எழுதி, இருப்பதிலேயே நீளமான கேள்வியாக்கிவிட்டாள்.

தினமும் சாயங்காலம் கடைசி மணி அடித்து, வகுப்பைப் பெருக்கி முடித்த பிறகுதான் எங்கள் கம்ப்யூட்டர் நேரம். கேசட் ஏறும், விளையாட்டு தொடங்கும், பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக வந்து பதில் அழுத்துவார்கள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். வைகை அணைக் கேள்விக்கு வருவதும், திரை ஒரு துள்ளுத் துள்ளி, எல்லாம் அழிந்து, இப்போதுதான் சுவிட்சைப் போட்ட மாதிரி புதிதாக நிற்பதும் சரியாக இருக்கும். ஒரு நாள் இல்லை, பெரும்பாலான நாட்கள்.

"டீச்சர், வைகை அணைக்கிட்ட வந்ததும் செத்துருது டீச்சர்!" என்று பிள்ளைகள் அலறுவார்கள்.

"அந்தக் கேள்வி ராசியில்ல டீச்சர். எடுத்துருவோம்" என்றாள் வகுப்புத் தலைவி.

எடுத்தோம். கேள்வி கொடுத்த பிள்ளை அன்றைக்கு முழுக்க யாரோடும் பேசவில்லை. மறுநாள் சுருளி அருவிக் கேள்வியில் நின்றது. அப்போதுதான் எனக்கு ஒரு ஞானோதயம். கேள்விகள் அதிகமாகிவிட்டன, பெட்டியின் மெமரி நிரம்பிவிடுகிறது, அதனால்தான் நிற்கிறது! பயிற்சியில் கற்ற ஒரே கஷ்டமான வார்த்தை மெமரிதான். அதை எங்கேயாவது பயன்படுத்த வேண்டாமா?

இதற்கு நடுவில் ஒரு தகவல் வந்தது. மதுரையிலிருந்து கல்வி அதிகாரி ஒருவர் பார்வையிட வருகிறார். நகரத்துப் பள்ளி ஒன்று எங்கள் இரண்டு பெட்டிகளையும் கேட்டிருக்கிறது. கிராமத்துப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அதிகாரி முடிவு செய்வார்.

தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, அதிகாரி வாறாக. அவுக முன்னாடி இப்படிப் பொசுக்குன்னு நின்னுச்சுன்னா, ரெண்டு பெட்டியையும் வந்த ஜீப்புலயே ஏத்திட்டுப் போயிருவாக. அப்புறம் இந்தப் புள்ளைக மொகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

யாரைக் கேட்பது? இன்று ஒரு சந்தேகம் வந்தால் ஆயிரம் பேர் கூடியிருக்கிற இணைய மன்றத்தில் போய்க் கேட்டுவிடலாம். அன்றும் மன்றங்கள் இருந்தன, நம்புங்கள். எனக்கே மூன்று கிடைத்தன.

முதலாவது, வடக்கே அச்சாகி வரும் ஓர் ஆங்கிலக் கம்ப்யூட்டர் பத்திரிகை. அதில் வாசகர் சந்தேகங்களுக்கு ஒரு நிபுணர் பதில் சொல்வார். 'மெமரி போதவில்லை, எப்படிக் குறைப்பது?' என்று எழுதி, புரோகிராமைக் கையால் படியெடுத்து இணைத்து அனுப்பினேன்.

இரண்டாவது, மதுரையில் பயிற்சி கொடுத்த கல்லூரியின் அறிவிப்புப் பலகை. கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே தொங்கும். சனிக்கிழமைகளில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வந்து போவார்கள். சந்தேகத்தை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் குத்திவிட்டு வர வேண்டும். தெரிந்தவர்கள் அதன் கீழே பதில் எழுதுவார்கள். யாரும் பெயர் போட மாட்டார்கள். மையை வைத்துத்தான் ஆளை அடையாளம் வைத்துக்கொள்வோம். பச்சை மையில் எழுதுபவர் ஏதோ பெரிய பதவியில் இருப்பவர், அவர் வாக்கியமே உத்தரவு மாதிரி இருக்கும். ஊதா மை ஒருவர், பச்சை என்ன சொன்னாலும் மறுப்பார். சிவப்பு மை ஒருவர் உண்டு. அவர் எழுதினால் சுருக்கென்று தைக்கும்.

மூன்றாவது மன்றம் உத்தமபாளையத்திலேயே இருந்தது. பம்ப்செட் உதிரிபாகக் கடை வைத்திருந்த ராவுத்தர் ஒருவர், எங்கள் எல்லோருக்கும் அவர் பாய். லைசென்ஸ் வாங்கி ஹாம் ரேடியோ வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் ஓர் அறை, மாடியிலிருந்து தென்னை மரத்துக்கு இழுத்துக் கட்டிய கம்பி. கொச்சி, கோயம்புத்தூர், பெங்களூர் என்று எங்கெங்கோ இருப்பவர்களோடு பேசுவார். அவர்களில் கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் நிறையப் பேர் என்று கேள்விப்பட்டு, அவர் மகள் என் மாணவி என்ற உரிமையில் போய் நின்றேன்.

"டீச்சர், நீங்க மைக்கைத் தொடக்கூடாது. லைசென்ஸ் இல்ல. இங்கன உக்காந்து கேட்டுக்கிட்டு மட்டும் இருங்க, நான் கேக்குறேன்" என்றார் பாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அது. பாய் என் சந்தேகத்தைச் சொல்லிவிட்டு 'ஓவர்' என்றார். அவ்வளவுதான், திருவிழாக் கூட்டம் மாதிரி ஆளாளுக்குப் பதில் சொன்னார்கள். ஒருவர் கேள்விகளைச் சுருக்கச் சொன்னார். ஒருவர் வேறு கம்ப்யூட்டர் வாங்கச் சொன்னார். கொச்சிக்காரர் "அவிடெ மழ உண்டோ?" என்று கேட்டதும் என் மெமரி பிரச்சினை அடித்துக்கொண்டு போய்விட்டது. பாய் மலையாளத்தில் மழையைப் பற்றி ஆரம்பித்து, ஏலக்காய் விலை, பெங்களூர்க்காரரின் முழங்கால் வலி என்று போய், கடைசியில் எல்லோருக்கும் 'செவன்டி த்ரீ' சொல்லி முடித்தார். அவர்கள் பாஷையில் அது வாழ்த்து. அன்பான மனிதர்கள்தான். ஆனால் எனக்கு வெறுங்கைதான்.

அறிவிப்புப் பலகைக்கு வருகிறேன். அடுத்த முறை மதுரைக்குப் போனபோது என் துண்டுத்தாளின் கீழே இடமே இல்லாமல் எழுதியிருந்தார்கள். ஆசையாகப் படித்தேன். பச்சை மை, என் புரோகிராமை அடியோடு மாற்றி எழுத வேண்டும் என்றது. ஊதா மை, பச்சை சொன்ன முறை பழைய முறை என்றது. அதற்குப் பச்சை, ஊதா எங்கே படித்தவர் என்று விசாரித்தது. இருவருக்கும் நடுவில் நான் என்ன கேட்டேன் என்பதே மறந்துபோயிருந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் நான்கு கேள்விகள்:

'மெமரி என்று யார் சொன்னது? நிற்பது எப்போது? அந்த நேரத்தில் அங்கே வேறு என்ன ஓடுகிறது? இதைக்கூட எழுதாமல் சந்தேகம் கேட்பவர்களுக்கு எதற்குக் கம்ப்யூட்டர்?'

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. பதினைந்து வருடமாக மற்றவர்களின் தாளில் சிவப்பு மையால் திருத்தியவள் நான். என் தாளில் ஒருவர் திருத்தினால் தாங்குமா? அங்கேயே பேனாவை எடுத்து, 'வேறு எதுவும் ஓடவில்லை. ஃபேன் கிடையாது. லைட்டைக்கூட அணைத்துவிடுவோம்' என்று அழுத்தி எழுதிக் குத்திவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம், உசிலம்பட்டி தாண்டும்வரை, அந்த ஆளை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். வழுக்கைத் தலை, தடித்த கண்ணாடி, மனைவியையும் இப்படித்தான் கேள்வி கேட்பார் என்று ஓர் உருவமே கொடுத்துவிட்டேன்.

அடுத்த முறை போனால் பதில் தயாராக இருந்தது. 'லைட்டை ஏன் அணைக்கிறீர்கள்? கம்ப்யூட்டர் தூங்க வேண்டுமா?'

பக்கத்தில் நின்ற ஓர் ஆசிரியர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இனி இந்தப் பலகைப் பக்கம் வருவதில்லை என்று அந்தத் துண்டுத்தாளைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அதிகாரி வரும் நாள் நெருங்கிவிட்டது. அன்று சனிக்கிழமை சாயங்காலம், மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியதும் நேராகப் பாய் கடைக்குத்தான் போனேன். இன்னொரு தடவை ரேடியோவில் கேட்டுப் பாருங்கள் என்று கெஞ்சுவதற்காக. பாய் பின்னறையில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார். எனக்கு நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், தலைக்கு மேலே எரிந்த பல்பு சட்டென்று மங்கியது. ரேடியோவில் 'கர்ர்ர்' என்று இரைச்சல். கோயம்புத்தூர்க்காரர் குரல் காணாமல் போனது.

"முடிஞ்சுது போங்க" என்று பாய் ஹெட்போனைக் கழற்றினார். "மோட்டாருக்கு விடுற த்ரீ பேஸ் கரண்டு வந்துருச்சு. தோட்டத்து மோட்டாரெல்லாம் ஒண்ணாக் கெளம்பிருச்சு. இனிமே ஒண்ணும் கேக்காது டீச்சர். தெனமும் இந்த நேரத்துக்கு இதே கூத்துத்தான்."

"தெனமும் இந்த நேரத்துக்கா?"

"ஆமா, இந்த மாசம் நமக்குச் சாயங்காலந்தானே குடுக்குறாக. முன்னயெல்லாம் கரண்டு வந்தா ஆளு போயி மோட்டாரைப் போடணும். இப்ப எல்லாரும் ஆட்டோமேட்டிக் ஸ்டார்ட்டர் மாட்டிட்டாக. கரண்டு வந்த நிமிசம் அத்தனையும் ஒரே நேரத்துல குதிக்கும். வோல்டேஜ் தாங்குமா?"

நான் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். கைப்பைக்குள் அந்தச் சிவப்பு மைத் தாள் இருந்தது. நிற்பது எப்போது? லைட்டை ஏன் அணைக்கிறீர்கள்? லைட் எரிந்திருந்தால் இந்தப் பல்பைப் போலவே மங்கியிருக்கும். நாங்கள் பார்த்திருப்போம். ஜன்னலைத் திறந்து வைத்திருந்தால் மோட்டார் சத்தமாவது கேட்டிருக்கும். ஜன்னலைச் சாத்தி, துணி அடைத்து, விளக்கணைத்து, கடவுளைப் பூட்டி வைத்த மாதிரி பூட்டி வைத்துவிட்டு, வைகை அணை ராசியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் தொடங்கினோம். அதனால்தான் ஏறக்குறைய ஒரே கேள்வியில் நின்றது. நடுவில் நிற்காத சில நாட்கள் இருந்தனவே, அவை கரண்ட் தாமதமாக வந்த நாட்கள்.

நான் விஷயத்தைச் சொன்னதும் பாய் ஹெட்போனை மேஜையில் வைத்தார். பிறகு மேஜையைத் தட்டித் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தார்.

"யா அல்லா! அந்த ஸ்டார்ட்டரு பூராம் நான் வித்தது டீச்சர்! என் ரேடியோவையும் நான்தான் கெடுத்துக்கிட்டேன், ஒங்க கம்ப்யூட்டரையும் நான்தான் கொன்னுருக்கேன்!"

திங்கட்கிழமை காலை, வகுப்புகள் தொடங்கும் முன்பே விளையாட்டை ஓடவிட்டோம். வைகை அணைக் கேள்வியை மறுபடி சேர்த்தேன். ஜன்னலைத் திறந்தோம், லைட்டைப் போட்டோம். கேள்வி வந்தது, பதில் அழுத்தினார்கள், 'சபாஷ்' வந்தது, அடுத்த கேள்விக்குப் போனது. கடைசி வரைக்கும் ஓடியது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் தலைமையாசிரியை கையில் பிரம்போடு ஓடிவந்துவிட்டார்.

அன்றைக்கே கல்லூரிக்கு ஒரு தபால் அட்டை போட்டேன். பலகையில் குத்தச் சொல்லி. 'காரணம் மெமரி இல்லை, தோட்டத்து மோட்டார்கள். எப்போது என்று கேட்ட சிவப்பு மைக்காரருக்கு நன்றி' என்று எழுதி, அதிகாரி வரும் நாளையும் குறிப்பிட்டிருந்தேன். மதியம் மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். சாயங்காலக் கரண்டுக்கு முன்பே எல்லாம் முடிந்துவிடும். இனி என்ன கவலை?

அந்த நாளும் வந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பள்ளி வாசலில் ஒருவர் நின்றார். ஒல்லியான உருவம், கலைந்த தலைமுடி, என்னைவிட வயதில் சின்னவர். கையில் போர்வையில் சுற்றிய ஏதோ ஒரு பெட்டியைக் குழந்தை மாதிரி இடுக்கியிருந்தார். தரையைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்: "மேடம், நான்தான்... அந்தச் சிவப்பு மை."

எனக்குச் சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் அவரும் கணக்கு வாத்தியார்தானாம். பேசுவதற்கே அவருக்கு அவ்வளவு கூச்சம். தண்ணீர் கொடுத்ததற்கே மூன்று முறை நன்றி சொன்னார்.

"அப்புறம் ஏன் சார் அப்படித் திட்டி எழுதுனீங்க?" என்று கேட்டேவிட்டேன்.

"திட்டலையே மேடம்" என்று பதறினார். "எடம் கொஞ்சமா இருந்துச்சு, சுருக்கமா எழுதுனேன். சிவப்பு... அது பேப்பர் திருத்துற பேனா. சட்டைப்பையில வேற பேனா இல்ல."

போர்வையைப் பிரித்தால் உள்ளே ஒரு ஸ்டெபிலைசர். அவர் வீட்டு ஃப்ரிட்ஜுடையது. மனைவியிடம் சொல்லாமல் கழற்றிக்கொண்டு, பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்திருக்கிறார். சாயங்காலக் கரண்டுக்கு முன்பே முடிந்துவிடும் என்றாலும் ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டுமே என்று.

மாட்டிப் பார்த்தோம். வோல்டேஜ் லேசாக ஆடியபோது அது தன் கடமையைச் செய்தது. 'டக்' என்று ஒரு சத்தம். அந்த 'டக்'கிலேயே கம்ப்யூட்டர் செத்துப் புதிதாகப் பிறந்தது. ஃப்ரிட்ஜுக்கு அந்தக் கண நேரம் பொருட்டில்லை, எங்கள் பெட்டிக்கு அது உயிர். பாவம், அந்த மனிதர் முகம் அவர் பேனா நிறத்துக்குப் போய்விட்டது. ஸ்டெபிலைசரைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி கேசட்டைச் சுற்றினோம்.

மணி மூன்றானது. அதிகாரி வரவில்லை. நான்கானது. தலைமையாசிரியை தபாலாபீஸ் போனுக்கு ஆளனுப்பி விசாரித்தார். போன ஆள் திரும்பி வந்து சொன்ன சேதியைக் கேட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலில் "அய்யோ!" என்றார்கள். அதிகாரி வழியில் மதியச் சாப்பாட்டுக்கு இறங்கியிருக்கிறார், இப்போதுதான் கிளம்புகிறார். இறங்கிய இடம் வைகை அணை.

"பாத்தீகளா டீச்சர், நான் அப்பவே சொன்னேன்ல, அந்த அணை ராசியில்லன்னு" என்றாள் வகுப்புத் தலைவி.

அங்கிருந்து வந்து சேர ஐந்தரை ஆகிவிடும். த்ரீ பேஸ் வருகிற நேரம். விளையாட்டைப் பார்க்க வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்த பாய் எழுந்தார். "எந்திரிங்க டீச்சர். பள்ளிக்கூடத்து டிரான்ஸ்பார்மர்ல இருக்குற மோட்டாரு நாலஞ்சுதான். எல்லாம் நம்ம கஸ்டமருதான். பக்கத்துத் தோட்டத்துதான் பெரிசு, மொதல்ல அங்கன போவோம்."

நானும் பாயும், அந்தத் தோட்டக்காரரின் மகளும் சுவரைச் சுற்றிக்கொண்டு ஓடினோம். அவர் திராட்சைப் பந்தலுக்கு அடியில் வாய்க்காலைச் சரிசெய்துகொண்டிருந்தார். பாய் விஷயத்தைச் சொல்லி, இன்று மோட்டாரைக் கொஞ்சம் தாமதமாகப் போடுங்கள் மாமா என்றார். எங்கள் பக்கம் மதம் பார்க்காமல் மாமன், மாப்பிள்ளை என்று முறை வைத்துத்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நல்லாருக்கே மாப்ள கத! கரண்டு குடுக்குறதே கொஞ்ச நேரம். அதுலயும் மோட்டாரைப் போடாதன்னா பந்தலுக்கு யாரு தண்ணி காட்டுறது? நாளைக்கு ஒங்க கம்ப்யூட்டரா வந்து கொல கொலயாக் காய்க்கப் போகுது?"

அவர் கேட்டது நியாயம்தான். அப்போது மகள் சொன்னாள்: "அப்பா, அந்த வைகை அணைக் கேள்வி என்னோடதுப்பா. அதுலதான் நின்னு போகுது. எல்லாரும் அத எடுக்கச் சொன்னாக. ஒரு தடவ எடுத்தே போட்டாக."

அவர் மண்வெட்டியை நிறுத்தினார். "ஒங் கேள்வியவா? எதுக்கு எடுத்தாக?"

"ராசியில்லன்னு. ஆனா நின்னது நம்ம மோட்டாராலதானாம்ப்பா."

அவர் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். நேராக மோட்டார் ரூமுக்குப் போய் ஸ்டார்ட்டரின் சுவிட்சைக் கீழே தள்ளிவிட்டு வந்தார். "எம் மக கேள்வி என் மோட்டாரால நிக்கக் கூடாது. அதிகாரி போனதும் மணிய அடிக்கச் சொல்லுங்க, அப்பப் போட்டுக்கிறேன். மாப்ள, மத்தவககிட்ட நான் சொன்னேன்னு சொல்லு." பாய் மொபெட்டில் மற்ற தோட்டங்களுக்குப் பறந்தார்.

அதிகாரி வந்தபோது சாயங்காலமாகிவிட்டது. மாலை, சோடா, வரவேற்பு எல்லாம் முடித்து அறைக்குள் வந்தார். ஜன்னல் திறந்திருந்தது, பல்பு எரிந்தது. பிள்ளைகள் ஒவ்வொருத்தியாகப் பதில் அழுத்தினார்கள். அதிகாரியும் சுவாரசியமாகி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, "அடுத்தது நான்" என்றார். வந்தது வைகை அணைக் கேள்வி.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "இப்பத்தான் அங்கேயிருந்து வர்றேன்!" என்று சொல்லிவிட்டு, கேள்வி முழுவதையும் உரக்கப் படிக்க ஆரம்பித்தார். அது எவ்வளவு நீளமான கேள்வி என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. பல்பு ஒரு முறை நடுங்கியது. எங்கோ தூரத்து மோட்டார் ஒன்று. சிவப்பு மைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். நான் பல்பை மட்டும் பார்த்தேன். அது மெல்ல நிமிர்ந்து எரிந்தது. அதிகாரி ஆண்டிபட்டிக்கு நேரே இருந்த எண்ணை அழுத்தினார். 'சபாஷ்.' பீப்.

கேள்வி எழுதியது யார் என்று அவர் கேட்டபோது, அந்தப் பிள்ளை எழுந்து நின்ற நிமிர்வை எப்படிச் சொல்வது? ஜன்னலுக்கு வெளியே தோளில் மண்வெட்டியோடு அவள் அப்பா நின்றுகொண்டிருந்தார். பெட்டிகள் இங்கேயே இருக்கட்டும் என்று அதிகாரி எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினார்.

ஜீப் திரும்பியதும் மணியை அடித்தோம். சுற்றிலும் இருந்த மோட்டார்கள் ஒன்றன் பின் ஒன்றாக உறுமின. அறையில் பல்பு மங்கியது, திரை ஒரு துள்ளுத் துள்ளியது, கம்ப்யூட்டர் செத்தது. நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். கூச்சக்காரரான சிவப்பு மைக்காரர்கூட, அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தார்.

பத்திரிகை நிபுணரின் பதில் பல மாதம் கழித்து வந்தது. எவ்வளவு மரியாதையான ஆங்கிலம்! என் முயற்சியைப் பாராட்டி, மெமரியைச் சேமிக்க வழி சொல்லி, முதலில் நீக்க வேண்டியது நீளமான அந்த வைகை அணைக் கேள்வியைத்தான் என்று முடித்திருந்தார். அவர் மேல் தப்பே இல்லை. நான் கேட்டதற்குப் பதில் சொன்னார். நான்தான் நடந்ததைச் சொல்லாமல், நானே ஒரு முடிவுக்கு வந்து, அந்த முடிவைக் கேள்வியாக அனுப்பியிருந்தேன்.

இன்று ஓய்வு பெற்று, மகள் வாங்கிக் கொடுத்த மடிக்கணினியில் புரோகிராம் எழுதுபவர்களின் மன்றங்களை மேய்வதுதான் என் பொழுதுபோக்கு. எல்லாமே எனக்குத் தெரிந்த முகங்களாகத்தான் தோன்றுகின்றன. ஒன்றில் பாயின் ரேடியோ மாதிரி மழையும் முழங்கால் வலியும் பேசுகிறார்கள். அந்த வெட்டிப் பேச்சில்தான் சில நேரம் விடை இருக்கிறது. இன்னொன்றில் பச்சையும் ஊதாவும் இன்றைக்கும் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. எதில் கேட்கலாம் என்று யாராவது என்னைக் கேட்டால், இனிமையாகப் பதில் சொல்கிற இடத்தைவிட, திருப்பிக் கேள்வி கேட்கிற இடமாகப் பார்த்துப் போங்கள் என்பேன். அந்தக் கேள்வி கடுமையாகப் பட்டால், அவர் சட்டைப்பையில் வேறு பேனா இல்லாமல் இருந்திருக்கலாம் என்றும் சொல்வேன். எங்கோ முகம் தெரியாத ஒரு பிள்ளை தன் புரோகிராம் நடுவில் நின்றுபோகிறது என்று அழுது எழுதும்போதெல்லாம், நான் முதலில் எழுதுவது ஒன்றுதான்: எப்போது நிற்கிறது கண்ணு, அறையில் விளக்கைப் போட்டுவிட்டு ஒரு தடவை பார்த்துச் சொல்.